கைச்சூடு

பிலோமினா லீவில் போன அந்த ஒரு வாரத்தில்தான், மூன்று வருடங்களுக்குப் பிறகு, செண்பகவல்லி மூச்செண்ணெய்க் குப்பியைத் தன் கையில் எடுத்துப் பார்த்தாள்.

பிலோவின் மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்ததிலிருந்து கேக் சொன்னதுவரை ஒரு மாதமாக ஆய்வகத்தில் அதே பேச்சுதான். அப்பா ஊரில் இல்லாத குறை பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பிலோ எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் செய்துகொண்டிருந்தாள். கிளம்பும்போது அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "திங்கக்கிழமை குப்பிய மட்டும் நீங்க பாத்துருங்கக்கா. ஒண்ணும் இருக்காது, எல்லாம் தெளிவாத்தான் இருக்கும்" என்றாள். சாவியை வாங்கிய செண்பகத்தின் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "யம்மா! ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த மீனு கெணக்கால்லா இருக்கு. மே மாசத்துலயுமாக்கா?" என்று சிரித்தாள்.

பிள்ளையின் அப்பா தொபியாஸ் கடலுக்கு அடியில் இருந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில், தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ளுகிற நிலையம். அங்கே மொத்தம் பதினோரு பேர். அந்த ஆழத்தில் நெஞ்சுக்குள் காற்றை வைத்துக்கொண்டு மனிதன் வேலை செய்ய முடியாது. அதனால் அவர்களுடைய நெஞ்சுக்குள் காற்று இல்லை. மூச்செண்ணெய் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பிலோ இதைக் கேட்டுவிட்டாள். அப்போதுதான் தொபியாஸும் கம்பெனியில் முதல்முறை இறங்கியிருந்தான்.

"எண்ணெயில எப்பிடிக்கா மூச்சு விட முடியும்?"

"அசல் எண்ணெய் இல்ல பிலோ, ஒரு கரைப்பான். ஆக்சிஜன் அதுல நல்லாக் கரையும். உள்ள போறதுல சிக்கல் இல்ல. வெளிய விடுற கரியமில வாயுதான் அதுல சரியா ஒட்டாது. அத வாங்கிக்கிறதுக்குத் தண்ணி வேணும். எண்ணெய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான தண்ணித் துளி மிதக்கணும்."

"எண்ணெயும் தண்ணியும் எங்கயாவது சேருமா?"

"சேராது. சேத்து வைக்கத்தான் சர்க்கரைச் சோப்பு." அதன் முழுப்பெயர் ஒரு வரி நீளம். அதனால் ஆய்வகத்தில் எல்லோரும் சர்க்கரைச் சோப்பு என்றே சொன்னார்கள். "சர்க்கரைத் தலை, கொழுப்பு வால். தலை தண்ணியப் பிடிச்சுக்கும், வால் எண்ணெயப் பிடிச்சுக்கும். ஒவ்வொரு துளியச் சுத்தியும் தோல் மாதிரி நிக்கும். நுரையீரலுக்குள்ள இயற்கையா ஒரு படலம் இருக்கும்ல, அதை இந்த எண்ணெய் கழுவிட்டுப் போயிடும். அந்த இடத்துலயும் சர்க்கரைச் சோப்புதான் காவலுக்கு நிக்கும்."

"தலையும் வாலும் நடுவுல பிச்சுக்கிட்டா?"

செண்பகம் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதப் பாக்கத்தான் நம்ம ரெண்டு பேருக்கும் சம்பளம்."

பார்க்கிற முறை எளிமையானது. ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் குப்பிகளை எடுத்து, கடலடிக் குளிரில் ஓர் அலமாரியிலும் உடம்புச் சூட்டில் ஓர் அலமாரியிலும் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். திங்கட்கிழமைதோறும் வெளியே எடுத்து, அரை மணி நேரம் ஆய்வகக் கூடத்தில் வைத்து, கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் பதிவேட்டில் 'தெளிவு'. மங்கலாக இருந்தால் 'மங்கல்'. மங்கல் என்று எழுதிய குப்பி மட்டும் குரோமட்டோகிராப் கருவிக்குப் போகும். எத்தனை தலை வாலை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று கருவி எண்ணிச் சொல்லும். மூன்று வருடத்தில் ஒரு குப்பிகூடக் கருவிக்குப் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை செண்பகம் எடுத்த முதல் குப்பி மங்கியிருந்தது.

அவளுக்கு அதிர்ச்சியாக இல்லை. மனதில் முதலில் வந்தது பழக்கப்பட்ட சின்ன வெட்கம்தான். என் கை. கருவிகளுக்காகக் கூடத்தைப் பதினெட்டு டிகிரியில் வைத்திருந்தார்கள். அதில் அவள் கை இன்னும் குளிர்ந்துபோகும். குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டினாள். தெளியவில்லை. ஊதினாள். தெளியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது குப்பி. எல்லாமே அரிசி களைந்த தண்ணீர்போல.

கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி, குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்து, விரல்கள் சிவந்த பிறகு ஓடிவந்து குப்பியை எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் தெளிந்தது. நிம்மதியாக அதை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். 'தெ' என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குப்பி மறுபடியும் மங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து மேலே, மெதுவாக.

பிலோ பக்கத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவள் சேர்ந்த முதல் மாதமே அப்படித்தான் ஆனது. செண்பகத்தின் கையில் ஒரு குப்பி மங்கலாக நின்றபோது பிலோ, "குடுங்கக்கா இப்பிடி" என்று வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள். "மார்கழியில தேங்கா எண்ணெய் உறைஞ்சிட்டுன்னா பாட்டில இப்பிடித்தான உருட்டுவோம்?" குப்பி கண்ணாடியாகத் தெளிந்தது. "எங்கம்மா சொல்லுவாவ, எனக்கு ரொட்டிக்கடை அடுப்புக் கையாம்." இருவரும் சிரித்தார்கள். ஆள் நெஞ்சுக்குள் எப்படியும் சூடாகத்தானே இருக்கப்போகிறது என்று செண்பகம் தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து குப்பி பார்ப்பது பிலோவின் வேலை. எழுதிவைத்த முறையில் 'கையில் சூடாக்கிப் பார்' என்று எங்கேயும் இல்லை. 'சூடாக்காதே' என்றும் இல்லை. அந்த மாதிரி ஒன்றைத் தடுத்து எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

செண்பகம் பேனாவை மூடவில்லை. 'தெ'யை அடித்துவிட்டு 'மங்கல்' என்று எழுதினாள். குப்பியைத் தர இன்னொரு கை அங்கே இல்லை. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவளிடம் அப்போது இருக்கவில்லை.

கருவி மூன்று முறையும் ஒரே எண்ணைத்தான் சொன்னது. நூற்றுக்கு முப்பத்தெட்டு உடைந்துவிட்டது.

அதன் பிறகு பழைய சேமிப்புக் குப்பிகளையெல்லாம் ஓட்டினாள். முப்பது நாள் ஆனவற்றில் நூற்றுக்கு ஒன்பது. அறுபது நாள், இருபத்தொன்று. தொண்ணூறு நாள், முப்பத்தாறு. புள்ளிகளைச் சேர்த்தால் எங்கேயும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிற ஒரு கோடு. எண்ணெய்க்குள் மிதக்கிற தண்ணீர்த் துளிகள் கரியமில வாயுவை வாங்க வேண்டும் என்பதற்காக அவற்றில் கொஞ்சம் காரம் சேர்த்திருந்தார்கள். அந்தக் காரம்தான் தலைக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தது. அவிழ்ந்த கொழுப்பு குளிரில் திரிந்து கண்ணுக்குத் தெரிந்தது. சூட்டில் கரைந்து ஒளிந்துகொண்டது.

கடலுக்கு அடியில் அந்தப் பதினோரு பேருக்கும் அன்று தொண்ணூற்றாறாவது நாள்.

செண்பகம் தன் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். கல்யாணமான இரண்டாவது மாதம் அவள் கணவன், "உன் கை பட்டா எனக்குத் தூக்கம் கலைஞ்சுடுது, கொஞ்சம் தள்ளிப் படு" என்றான். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் தள்ளிப் படுத்தாள். ஆறு வருடம் கழித்து அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனபோதும், கூட வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. எது சரியில்லாமல் போனாலும் அவள் முதலில் தேடுவது தன்னிடம்தான். தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவாள். இங்கேயும் அதைத்தான் செய்திருந்தாள். குப்பி மங்கியது. கை குளிர்ந்திருந்தது. போதும் என்று நிறுத்திவிட்டாள்.

தர மேலாளர் ஞானதுரை காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"கருவியில கோளாறு ஏதும்...?"

"மூணு தடவை பாத்துட்டேன் சார்."

"மூணு வருஷமா தெளிவு தெளிவுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே மேடம். அத வச்சுத்தான ஆளு கீழ இருக்குற நாப்பத்தஞ்சு நாள நூத்தியெண்பது நாளாக்குனோம்?"

"ஆமா சார். இது முதல் நூத்தியெண்பது."

"இதுக்கு முன்ன போனவனெல்லாம் நல்லாத்தான வந்தான்?"

"நாப்பத்தஞ்சு நாள்ல பதினஞ்சுகிட்டதான் உடையும். கொஞ்ச நாள் இருமிட்டுச் சரியாயிருப்பாங்க. இருபது தாண்டினா நிலைமை வேற." அவள் தன் குரல் நிதானமாக இருப்பதைக் கேட்டாள். "உடைஞ்ச கொழுப்பு நுரையீரல் சுவர்ல படியும் சார், வாளியில சோப்பு அழுக்குப் படியுற மாதிரி. மேல வந்ததும் எண்ணெய கொஞ்சம் கொஞ்சமா வடிப்போம், சொந்தப் படலம் ஊறி வரணும். அழுக்கு இருந்தா ஊறாது. காத்து போகும், நுரையீரல் விரியாது. நனைஞ்ச பாலித்தீன் பை ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கும்."

"எல்லாருக்குமா?"

"ஆளுக்கு ஆள் மாறும். ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"ஏத்தலன்னா?"

"ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உடையும்."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான மனிதர் இல்லை. குடும்பங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸுக்குத் தன் கையாலேயே கேக் கொண்டுபோய்க் கொடுப்பவர். "சரி. முதல்ல ஆள ஏத்துவோம். மத்ததெல்லாம் பெறவு" என்று போனை எடுத்தார்.

புதன்கிழமை பிலோ வந்தாள். ஒரு கையில் மக்ரூன் பெட்டி, இன்னொரு கையில் ஜெசிந்தாவின் படம். "இத பாருங்கக்கா, மெழுகுவர்த்தியப் பிடிச்சிருக்க அழக. முடி கருகிருமோன்னு எனக்குப் பூசை முழுக்க அதே நெனப்பு. அவிய அங்க இருந்து செய்தி அனுப்பிருந்தாவ, 'எம் மவளுக்கு முத்தம்'னு. மூணே வார்த்தை. கஞ்சப்பய மனுசன்."

செண்பகம் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

பிலோ குறுக்கிடாமல் கேட்டாள். மக்ரூன் பெட்டியைக் கட்டியிருந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"நான் உருட்டுனதுனாலயா?"

"நான் உருட்டச் சொன்னதுனால."

"நீங்க எங்க சொன்னிய? நாந்தான வாங்குனேன்."

"எங்கிட்ட இருந்துதான வாங்கின? வேண்டாம்னு சொல்ல வேண்டியது நான். நீ எனக்குக் கீழ வேலை பாக்குற."

"எக்கா." பிலோவின் குரல் மிகவும் சின்னதாகியிருந்தது. "ஒவ்வொரு குப்பியும் அவிய நெஞ்சுக்குள்ள போறதுன்னு நெனச்சுத்தான் உருட்டுனேன். செபம் சொல்லிக்கிட்டே உருட்டுவேன். ஒங்களுக்குத் தெரியாது. உதடு அசையாம சொல்லுவேன்."

தொண்ணூற்றொன்பதாம் நாள் பதினோரு பேரையும் எண்ணெய் நிரப்பிய கூண்டுகளில் மேலே கொண்டுவந்தார்கள். துறைமுகச் சாலையில் உள்ள மீட்புக் கூடத்தில் புதிய தயாரிப்பை நிரப்பி, ஒவ்வொருவருக்கும் வடிக்கத் தொடங்கினார்கள். ஐந்து வாரம் ஆனது. ஏழு பேர் இருமி, வாந்தியெடுத்து, அழுது, காற்றுக்குத் திரும்பினார்கள். புன்னைக்காயல்காரர் ஒருவர், குரூஸ் என்று பெயர், பாதி வடித்திருந்தபோது இறந்துபோனார். மூன்று பேருக்குப் படலம் ஊறவே இல்லை. வடித்ததை அவசரமாகத் திருப்பி நிரப்ப வேண்டியிருந்தது. புதிய மூச்செண்ணெய் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த மூவரும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் உயிரோடு இருப்பார்கள். காற்றுக்கு மட்டும் வர முடியாது.

தொபியாஸ் அந்த மூன்று பேரில் ஒருவன்.

விசாரணை அறிக்கையைச் செண்பகம்தான் எழுத வேண்டும். ஞானதுரை அவள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"எழுதுன முறையில கையில வச்சுச் சூடாக்கச் சொல்லியிருக்கா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப உதவியாளர் முறைய மீறிட்டாங்க. அவ்வளவுதான். ஒரு வரி. அந்தப் பொண்ண வேலையில இருந்து எடுக்கப்போறதில்ல, நான் பாத்துக்கிடுதேன். புருசன் அங்க கெடக்கும்போது யாரு என்ன கேக்கப்போறா? ஒங்க பேரு வெளிய வராது."

"நான் கண்ணு முன்னால பாத்துக்கிட்டே இருந்திருக்கேன் சார். மூணு வருஷம்."

"நீங்க எப்பவும் இப்பிடித்தான். யாரு தப்புன்னாலும் ஓடிப்போய் தலைய நீட்டுறது."

அது குத்தியது. உண்மையாக இருந்ததால் குத்தியது. ஆனாலும் அவள் அறிக்கையில் எழுதினாள்: குப்பிகளைக் கைச்சூட்டில் தெளியவைத்துப் பார்க்கும் வழக்கம் என் மேற்பார்வையில், என் ஒப்புதலுடன் நடந்தது.

அறிக்கையோடு நிலையத்துக்கும் கரைக்கும் இடையே போன செய்திகளையும் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு முறை குடும்பத்தாரோடு நாலு வரி பேசிக்கொள்ள அனுமதி உண்டு. எல்லாம் கம்பெனியில் பதிவாகும். பதினோரு பேரும் எதையாவது கண்டு சொன்னார்களா என்று தேடத்தான் அவள் அவற்றைத் திறந்தாள். கடலடியில் குளிர் நாலு டிகிரி. சேமிப்புக் கலங்களில் எண்ணெய் மங்கியிருக்க வேண்டும். அவர்கள் கண்ணில் படாமல் எப்படிப் போகும்?

நாற்பத்தோராம் நாள், தொபியாஸ்: "பிலோ, காலையில கலத்த மாட்டும்போது எண்ணெய் கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு. மத்தவனுங்களுக்கும் அப்பிடித்தான். மேல சொல்லணுமா? நீ அங்கதான இருக்க, கேட்டுச் சொல்லு."

பிலோ: "அது ஒண்ணுமில்லைங்க. குளுருக்கு இங்கயும் அப்பிடித்தான் ஆகும், தேங்கா எண்ணெய் கெணக்கா. கலத்த நெஞ்சோட அணைச்சு வச்சிருங்க, தெளிஞ்சிரும். எல்லாருக்கும் சொல்லுங்க. செண்பகக்கா என்னைய வச்சு வாராவாரம் அப்பிடித்தான் பாக்காவ."

நாற்பத்தெட்டாம் நாள்: "நீ சொன்ன மாதிரி செஞ்சோம். தெளிஞ்சிட்டு. கெட்டிக்காரிட்டீ நீ."

நாற்பத்தோராம் நாளில் எத்தனை உடைந்திருக்கும் என்று செண்பகத்துக்குக் கோட்டைப் பார்க்காமலே தெரியும். பதின்மூன்று, பதினான்கு. அன்று பிலோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதினோரு பேரும் இன்று வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். குரூஸும்.

அந்தப் பக்கத்தை அவள் அறிக்கையில் சேர்க்கவில்லை. இனி எந்தக் கலத்தையும் சூடாக்கக்கூடாது, மங்கினால் அப்படியே மேலே தெரிவிக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு விதி எழுதினாள். பிலோ இதைத் தாங்கமாட்டாள் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், அந்தச் செய்தியின் கடைசி வரி திரும்பத் திரும்ப வந்தது. செண்பகக்கா என்னைய வச்சு வாராவாரம் அப்பிடித்தான் பாக்காவ. பதினோரு பேரும் நம்பியது அந்தப் பெயரை. அவள் மறைத்தது பிலோவுக்காகவா, அந்த வரிக்காகவா? உள்ளே எவ்வளவு தேடியும் பதில் பிடிபடவில்லை. தன்மீது குற்றத்தை எடுத்துக்கொள்வதில்கூட ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது, இத்தனை வருடமாக. எடுத்துக்கொண்டவளிடம் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

மூன்று பேருக்கும் கரையிலேயே கண்ணாடி அறைகள் கட்டினார்கள். தரையிலிருந்து கூரைவரை மூச்செண்ணெய். உள்ளே கட்டில், பிடிமானத்துக்குக் கம்பிகள், எழுத ஒரு பலகை. சாப்பாடு குழாய் வழியாக. பிலோவின் வேலை அங்கே மாறியது. காலையில் ஜெசிந்தாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே இங்கே வருவாள். ஒவ்வொரு அறையின் எண்ணெயிலிருந்தும் தினம் ஒரு குப்பி எடுக்க வேண்டும். அதைக் கருவிக்கு அனுப்ப வேண்டும்.

செண்பகம் போயிருந்த அன்று சனிக்கிழமை. ஜெசிந்தாவும் வந்திருந்தாள். புதுநன்மைக் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். தொபியாஸ் உள்ளே கை தட்டினான். சத்தம் வரவில்லை. அடர்ந்த திரவத்தில் கைகள் மெதுவாகத்தான் சேர்ந்தன. பிள்ளை, "அப்பா ஸ்லோமோஷன்ல தட்டுதாவ" என்று சொல்லிவிட்டு வெளியே விளையாட ஓடியது.

பிலோ கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அந்தப் பக்கம் அவன் கை. அவன் பலகையில் ஏதோ எழுதிக் காட்டினான்.

'அழாத. நீ சொன்ன மாதிரி எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். தினமும் நெஞ்சுல அணச்சு வச்சோம்.'

எழுதிவிட்டு, அவளுக்குப் புரியவில்லையோ என்று, இரண்டு கைகளையும் மடக்கிக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு சேர்த்துக் காட்டினான். சிரித்தான். அவனுக்குத் தெரியாது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பிலோ அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "தெரியும்."

"எப்பலருந்து?"

"அறிக்கை எழுதும்போது."

"அதுல போட்டியளா?"

"இல்ல."

"நான் தெனமும் ராத்திரி யோசிப்பேன், இவ்வளவு பேரு கண்ணுலயும் படாம எப்பிடிப் போச்சுன்னு. நான் எழுதுனதே எனக்கு மறந்துபோச்சு பாத்தியளா. மீனு வாங்கப் போற அவசரத்துல அடிச்சு அனுப்பிருப்பேன்." அவள் இப்போது திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "ஏன் மறைச்சிய?"

"நீ தாங்கமாட்டன்னு..."

"குரூஸண்ணன் பொஞ்சாதி வாசல்ல வந்து ஒங்களத்தான் மண்ண வாரித் தூத்திட்டுப் போனா. நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு வர வேண்டியதுக்கா அது. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு? நான் என்னத்த வச்சுக்கிட்டு அவிய மொகத்தப் பாக்க?"

செண்பகம் மன்னிப்புக் கேட்கலாம். அது வாய்வரை வந்தது. வழக்கம்போலச் சுலபமாக வந்தது. அதனாலேயே விழுங்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை அறிக்கையில சேத்துடுறேன்" என்றாள்.

"சேருங்க. அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இன்னைக்கு இல்ல. பிள்ள இருக்கா."

பிறகு பிலோ மேசைக்குப் போய், தொபியாஸின் அறையிலிருந்து சற்று முன் எடுத்த குப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். தன் கைச்சூடு படாமல் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"பிடிங்க."

"கருவிக்குப் போகுமே பிலோ..."

"மிஷினு எண்ணட்டும். மொதல்ல நீங்க பிடிங்க. வெறுங்கையில."

செண்பகம் வாங்கிக்கொண்டாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. தன் விரல்கள் அந்த வெதுவெதுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவள் அவற்றைத் தடுக்கவில்லை. கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போனது. பத்து. குப்பி குளிர்ந்துவிட்டது. வெளியே ஜெசிந்தா யாரிடமோ தன் கவுனின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம். அடியிலிருந்து எதுவும் எழும்பவில்லை.

"தெளிவா இருக்கு" என்றாள்.

பிலோ குனிந்து, கண்ணைக் குப்பிக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பதிவேட்டைத் திறந்து வைத்தாள். "நீங்களே எழுதுங்க. நாளைக்கும் நீங்கதான் வரணும். நாளான்னைக்கும். அவிய உள்ள இருக்க வரைக்கும் நீங்கதான்."

செண்பகம் தேதியை எழுதினாள். அதற்குக் கீழே 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டு நிமிர்ந்தாள்.

பிலோ தன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொபியாஸ், உள்ளங்கையை விரித்து வைத்து, அவள் கை வருவதற்காகக் காத்திருந்தான்.